தலை, மேலே, மெதுவாக

எங்கள் கம்பெனியில் என்னை வாய்ப்பாடு என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயர்தான், ஆனால் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட. மருத்துவமனைக் கட்டில்கள் செய்கிற கம்பெனி அது. பட்டனை அமுக்கினால் தலைப்பக்கம் எழும்பும், கால்பக்கம் தாழும், அந்த மாதிரிக் கட்டில். கீழ்த்தளத்தில் குழாய் வளைப்பார்கள், வெல்டிங் வைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். மேல்தளத்தில் நீளமான அறை ஒன்று. மோட்டார்களுக்குப் புத்தி சொல்லிக்கொடுப்பது அங்கே என் வேலை. ஒவ்வொரு கட்டிலின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதற்குள் போகிற நிரல், அதாவது புரோகிராம், முழுக்க சி என்ற கணினி மொழியில் பத்து வருடமாக நான் எழுதியது. அதிலுள்ள எண் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். பெயர் வந்த கதை அதுதான்.

ஆனால் இது என் கதை இல்லை. எங்கள் சிஸ்டரின் கதை. நடுநடுவே நான் வந்து மூக்கை உடைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

சிஸ்டர் என்றால் நிஜமாகவே நர்ஸ். பதினெட்டு வருடம் வார்டில் ஓடியாடியவர். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று அங்கிருந்த டாக்டரே சொல்லிவிட்டார். எங்கள் கட்டில்களை வார்டில் இழுத்துப் புழங்கியவர் என்பதால் முதலாளியம்மா அவரை டெமோ காட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். கட்டில் வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்க நின்றுகொண்டே, இந்தப் பட்டன் இதற்கு, அந்தப் பட்டன் அதற்கு என்று விளக்க வேண்டும். பேச்சு சிஸ்டருக்குச் சர்க்கரை மாதிரி. நிற்பதுதான் ஆகவில்லை.

அவர் சி மொழிக்கு வந்தது தனிக் கூத்து. கல்லூரியில் படிக்கிற மகள் அந்தப் பாடத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாள். "நீ படி, நான் கேள்வி கேக்கறேன்" என்று அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேள்வி கேட்க வேண்டுமானால் பதில் தெரிந்திருக்க வேண்டுமே. மூன்று மாதத்தில் மகள் பாஸானாள், அம்மா மாட்டிக்கொண்டார். மகள் மூலையில் வீசிய புத்தகத்தை எடுத்து அட்டை போட்டு வைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற அவருடைய கணவர், "நம்ம வீட்டுல பரீட்சை யாருக்குன்னே புரியலை" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்தார்.

"அண்ணா, நம்ம கட்டிலோட நிரலை ஒரு தடவை படிச்சுப் பாக்கட்டுமா?"

தாராளமாகப் பாருங்கள் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். நான்கு வரி பார்த்தால் ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அது அவருடைய வார்டுப் பழக்கம். டாக்டர் வாயால் ஒரு மருந்து சொன்னால், நர்ஸ் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகுதான் ஊசியில் மருந்து ஏறும். பதினெட்டு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கேன்டீனில் யாராவது அவரிடம் டீ சொல்லி அனுப்பினால்கூட, "டீ ரெண்டு, ஒண்ணுல சர்க்கரை இல்லாம" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

என் நிரலில் அவர் கண் முதலில் பட்ட வரி இது. எழுத்து ஆங்கிலம்தான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

நகர்த்து(0, 1, 0);

"நகர்த்து, பூஜ்ஜியம், ஒண்ணு, பூஜ்ஜியம்" என்று படித்தார். என்னைப் பார்த்தார். "இதை எப்படிண்ணா திருப்பிச் சொல்றது? எனக்கு ஒண்ணுமே விளங்கலையே."

"ரொம்ப சுலபம் சிஸ்டர். முதல் பூஜ்ஜியம் தலைப்பக்கம். ஒண்ணுன்னா மேலே. கடைசி பூஜ்ஜியம் மெதுவா."

"தலையும் பூஜ்ஜியம், மெதுவும் பூஜ்ஜியமா?"

"எந்த இடத்துல இருக்குங்கறதைப் பொறுத்து."

"மருந்து அலமாரியில எல்லா பாட்டில்லயும் ஒண்ணு, ரெண்டுன்னு ஒட்டி வச்சிட்டு, இடத்தைப் பொறுத்துன்னு நான் சொல்லியிருந்தா, எங்க ஹெட் நர்ஸ் என்னை ஜன்னல் வழியா தூக்கிப் போட்டிருப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடத்தில் என் நிரலை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. "மெஷினுக்குப் புரிஞ்சாப் போதும் சிஸ்டர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய மருத்துவமனை நாற்பது கட்டில் கேட்டது. புது மாதிரி. தலை, கால் என்று இரண்டு மோட்டார் இருந்த இடத்தில், முழங்காலை மடக்கித் தூக்க மூன்றாவதாக ஒன்று. சிஸ்டர் நேராக முதலாளியம்மா அறைக்குப் போய், அந்தக் கட்டிலின் நிரலைத் தான் எழுதுவதாகச் சொல்லிவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் கறாராக இருக்கும்.

"ரெண்டு வாரம். வாய்ப்பாடு கூட இருப்பார். அந்த மருத்துவமனை ஹெட் நர்ஸ் நேர்ல வந்து சோதிச்சு, சரின்னு சொல்லிட்டா மேல உங்களுக்கு ஒரு நாற்காலி. இல்லைன்னா பழையபடி டெமோதான், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"ரெண்டு வாரம், சோதனை, நாற்காலி, இல்லைன்னா டெமோ. சம்மதம் மேடம்" என்று திருப்பிச் சொன்னார் சிஸ்டர்.

படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றார். "நிக்கற வேலை இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்ணா. அதுக்காக மட்டும் கேக்கலை. எனக்கு இது பிடிச்சிருக்கு. ஆனா முதுகும் ஒரு காரணம்" என்றார். நான் படி ஏறினேன்.

சி மொழியில் ஈனம் (ஆங்கிலத்தில் enum) என்று ஒன்று உண்டு. பெயர்தான் அப்படி, குணம் தங்கம். எண்களுக்குப் பெயர் வைத்துப் போடுகிற பட்டியல் அது. தலை, முழங்கால், கால் என்று எழுதினால், மொழி தானாகவே அவற்றுக்குப் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று கொடுத்துவிடும். சிஸ்டர் முதல் நாளே மூன்று பட்டியல் போட்டார். பகுதிக்கு ஒன்று, திசைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று. அதோடு விடவில்லை. நகர்த்து என்ற கட்டளையின் வாசலையே மாற்றினார். முன்பு அதற்குள் மூன்று வெறும் எண்கள் போகும். இப்போது முதலில் ஒரு பகுதி, அடுத்து ஒரு திசை, அடுத்து ஒரு வேகம் போக வேண்டும் என்று வாசலிலேயே எழுதி வைத்தார். என் பழைய வரி இப்படி ஆனது.

நகர்த்து(தலை, மேலே, மெதுவாக);

"இப்ப திருப்பிச் சொல்லிப் பாருங்க" என்றார். நான் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் குடி முழுகிவிடுமா என்ன? ஆனால் வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் இன்னொன்று நடந்தது. எந்தப் பகுதிக்கு எந்த மோட்டார் என்று பிரித்து அனுப்புகிற இடத்தில் தலையும் காலும் மட்டும் இருந்தன. நிரலை மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்குத் தொகுத்தபோது, பட்டியலில் உள்ள முழங்காலை இங்கே விட்டுவிட்டாய் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. வெறும் எண்ணாக இருந்தால் வந்திருக்காது. சிஸ்டர் கைதட்டினார். "பாத்தீங்களாண்ணா, இது எனக்கே திருப்பிச் சொல்லுது!" கீழே வெல்டிங் வைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் கல்லும் இளகும். நான் கல்லுக்கும் ஒரு படி மேலே இருந்தேன்.

பட்டன்கள் இருக்கிற ரிமோட்டைப் பார்த்துக்கொள்ளும் கோப்பு என் பொறுப்பில் இருந்தது. நகர்த்து என்று கூப்பிடுகிற வரிகள் அதில் அறுபத்திரண்டு. அவற்றையும் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று சிஸ்டர் கேட்டிருந்தார். பத்து நாள் கழித்து, "மாத்தியாச்சாண்ணா?" என்றார்.

"ஆச்சு, ஆச்சு" என்றேன்.

பச்சைப் பொய். ஒரு வரிகூட மாற்றவில்லை. சி மொழியின் வாசல் காவலர் கொஞ்சம் அசட்டையானவர் என்பது எனக்குத் தெரியும். பகுதி கேட்கிற இடத்தில் பகுதியின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் அடம்பிடிப்பதில்லை. வெறும் ஒன்று என்ற எண்ணைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடுவார். தொகுத்துப் பார்த்தேன், ஒரு எச்சரிக்கை இல்லை. பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

சோதனைக்கு முந்தின நாள் காலை, ஒத்திகை. கீழ்த்தளத்தில் புதுக் கட்டிலை நடுவில் நிறுத்தினார்கள். நோயாளியாகப் படுக்க ஃபோர்மேன். நூற்றுநான்கு கிலோ. அவரைத் தாங்கினால் எவரையும் தாங்கும் என்பதால் எங்கள் எல்லாக் கட்டிலிலும் முதலில் படுப்பவர் அவர்தான். கையில் டீ டம்ளரோடு படுத்துக்கொண்டார். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிஸ்டர் ரிமோட்டை எடுத்தார்.

தலை எழும்பியது. தலை தாழ்ந்தது. ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டு, "இப்படியே விட்டாத் தூங்கிடுவேன்" என்றார். அடுத்து, கால்பக்கம் மேலே என்ற பட்டன். கால் எழும்பவில்லை. முழங்கால் எழுந்தது. எழுந்தது என்றால் நிற்காமல் எழுந்தது. ஃபோர்மேனின் இரண்டு முட்டிகளும் தொப்பையைத் தாண்டி மோவாயை நோக்கி வர, டீ முழுக்கச் சட்டையில். "நிறுத்துங்க, நிறுத்துங்க! நான் என்ன பாயா, சுருட்டி வைக்க?" என்று கத்தினார். பெயின்ட் அடிக்கிறவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்காமல்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"கால் எது, முழங்கால் எதுன்னு ஒரு நர்ஸுக்கே குழப்பமா சிஸ்டர்? ரெண்டு வாரம் குடுத்தேன். நாளைக்கு அவங்க வந்துருவாங்க. பழைய மாதிரிக் கட்டிலையே காட்டிக்கலாம். நீங்க டெமோவுக்குப் போயிடுங்க."

சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பட்டியலை வாய்க்குள் முணுமுணுத்தார். தலை, முழங்கால், கால். எங்கே தவறினேன் என்று தன்னையே தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. என் பழைய கணக்கில் கால் என்றால் ஒன்று. சிஸ்டர் உடம்பின் வரிசைப்படி முழங்காலை நடுவில் வைத்ததும் கால் இரண்டாகிவிட்டது, ஒன்று முழங்காலாகிவிட்டது. பெயர் எழுதிய இடமெல்லாம் தானாக மாறிக்கொண்டது. என் அறுபத்திரண்டு வரிகள் மட்டும் மாறவில்லை. எண்ணெல்லாம் மனப்பாடம் என்று மார்தட்டிக்கொண்ட நான், எண் மாறியதைக் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு நொடி அதையும் நினைத்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் சிஸ்டர் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தேன். இனி வருடம் முழுக்க அப்படித்தான் நிற்பார்.

"மேடம், அது அவங்க தப்பு இல்லை. ரிமோட் கோப்பு என்னோடது. மாத்திட்டேன்னு சொன்னேன். மாத்தலை."

முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்து வருஷத்துல உங்க வாயில தப்புங்கற வார்த்தையை இன்னைக்குத்தான் கேக்கறேன். சாயந்திரத்துக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்று சிஸ்டரும் நானும் சேர்ந்தே சொன்னோம்.

மேலே போனதும் சிஸ்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஏண்ணா பொய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "வீம்பு சிஸ்டர்" என்றேன். "சரி, உக்காருங்க. நீங்க மாத்தி மாத்திப் படிங்க, நான் திருப்பிச் சொல்றேன்" என்றார்.

ஆரம்பித்தோம். ஒரு வரியைப் பெயருக்கு மாற்றுவேன், வாய்விட்டுப் படிப்பேன். அவர் திருப்பிச் சொல்வார். கால், மேலே, மெதுவாக. கால், கீழே, மெதுவாக. பத்து வரி தாண்டியதும் எனக்கே ஒரு தாளம் வந்துவிட்டது. முப்பதில் டீ குடித்தோம். நாற்பத்தொன்பதாவது வரி சிவப்புப் பட்டனுக்கானது. நோயாளிக்கு மூச்சு நின்றால் எழும்பியிருக்கிற தலைப்பக்கத்தை ஒரே அமுக்கில் பலகை மாதிரிச் சமமாக்குகிற அவசரப் பட்டன். நகர்த்து(0, 0, 0) என்று இருந்தது. மாற்றினேன், படித்தேன்.

"அவசரம். தலை, கீழே, மெதுவாக."

சிஸ்டர் திருப்பிச் சொல்லவில்லை.

"திரும்பப் படிங்க."

"அவசரம். தலை, கீழே, மெது..." பாதியில் நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தேன்.

பத்து வருடத்துக்கு முன் மோட்டார் சூடாகிறதா என்று பார்க்க, அந்தக் கடைசி எண்ணைச் சோதனைக்காகப் பூஜ்ஜியமாக்கினேன். முடிந்ததும் வேகத்துக்கான ஒன்று என்ற எண்ணுக்குத் திரும்ப மாற்ற மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் கட்டில் ஒவ்வொன்றும் அவசரத்துக்கு ஆடி அசைந்து நாற்பது நொடியில் படுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று பூஜ்ஜியத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். அதில் மெதுவாக என்ற சொல் என் கண்ணில் பட்டதே இல்லை.

"யாருக்காவது ஏதாவது..." என்றேன். மேற்கொண்டு கேட்கப் பயமாக இருந்தது.

"இல்லண்ணா, இல்ல. பக்கத்துல கைப்பிடி ஒண்ணு இருக்குல்ல, அதை இழுத்தா தலை உடனே இறங்கிடும். நாங்க எப்பவும் அதைத்தான் இழுப்போம். அந்தப் பட்டனை ஒருத்தரும் தொட மாட்டோம். சிவப்பு ஆமைன்னு பேரு வச்சிருந்தோம்." சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். கண் விரிந்தது. "ஐயோ! வார்டுல நின்னு அத்தனை வருஷம் நான் திட்டினது உங்களையா?"

சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் வந்தது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான். நாற்பத்தொன்பதாவது வரியில் மெதுவாக என்பதை அழித்து வேகமாக என்று எழுதினேன். அதை மட்டும் அவர் இரண்டு முறை திருப்பிச் சொன்னார்.

மறுநாள் வந்த ஹெட் நர்ஸ் தலை, முழங்கால், கால் எல்லாவற்றையும் தலையாட்டிப் பார்த்தார். சிவப்புப் பட்டனைக் காட்டியபோது, "இது இருக்கட்டும், எங்களுக்குத் தெரியும்" என்று உதட்டைப் பிதுக்கினார். "ஒரே ஒரு தடவை அமுக்குங்க" என்றார் சிஸ்டர். அமுக்கினார். எட்டே நொடியில் ஃபோர்மேன் அம்மாடியோ என்ற சத்தத்தோடு மல்லாந்தார். ஹெட் நர்ஸ் பட்டனைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். மொத்தம் ஏழு தடவை. கடைசியில் ஃபோர்மேன்தான் கும்பிட்டு விடுதலை வாங்கினார்.

"யார் எழுதினது?" என்று ஹெட் நர்ஸ் கேட்டார். முதலாளியம்மா சிஸ்டரைக் காட்டினார். அன்று மத்தியானமே மேல்தளத்துக்கு ஒரு நாற்காலி வந்தது. முதுகுக்கு வளைவு வைத்த நல்ல நாற்காலி.

பழைய கட்டில்கள் எல்லாவற்றிலும் அந்த வரியை மாற்றித் தர முதலாளியம்மா அன்றே உத்தரவு போட்டார். போவது நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். சிஸ்டரும் வந்தார். முதலில் போனது அவர் வேலை பார்த்த வார்டுக்கே. காலியாக இருந்த கட்டிலில் புது நிரலை ஏற்றினோம். அவரைக் கண்டதும் நர்ஸ்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, இன்னும் டெமோ காட்டிட்டுத்தான் திரியறீங்களா?"

"இல்லடி. இப்ப இதுக்கு எழுதறதே நான்தான்."

"எதுக்கு?"

"கட்டில் எப்படி அசையணும்னு." நர்ஸ்கள் போட்ட கூச்சலில் நாலாம் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி சிவப்புப் பட்டனை அமுக்கினாள். கட்டில் விழுந்த வேகத்தில் பின்னால் துள்ளினாள். பிறகு ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்தார்கள்.

"அப்ப முன்னாடி அதை எழுதினது யாரு?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

சிஸ்டர் கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

ஆறு நர்ஸ்கள் என்னைச் சுற்றி நின்று பத்து வருடப் பாக்கியைத் தீர்த்தார்கள். ஆமை என்றார்கள், நீங்க வந்து ஒரு நைட் டியூட்டி பாருங்க என்றார்கள், கைப்பிடி இழுத்து இழுத்துத் தோள் போச்சு என்றார்கள். எல்லாம் நியாயமான திட்டு. என் நிரலை யாரும் குறை சொன்னதில்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, குறை சொல்ல முதலில் அதைப் படிக்க முடிந்திருக்க வேண்டாமா? வாங்கிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அதே அளவு சந்தோஷமாகவும் இருந்தது. திட்டி முடித்ததும் ஒருத்தி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

சிஸ்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார்.

"டீயைக் குடிச்சிட்டு சீக்கிரம் வாங்கண்ணா. இன்னும் இருபத்திமூணு கட்டில் இருக்கு" என்றார், உட்கார்ந்தபடியே.